சென்னை வெயிலில் சன்ஸ்கிரீன்: தோல் டாக்டர் முதல் முறை எழுதிக் கொடுத்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தோல் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களின் சீட்டில் பெரும்பாலும் மூன்று வரிகள் இருக்கும். இரவில் போட ஒரு மருந்து கிரீம், முகம் கழுவ ஒன்று, காலையில் பூச ஒரு சன்ஸ்கிரீன். முதல் இரண்டையும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வார்கள். மூன்றாவதுக்கு மட்டும் "இது கண்டிப்பா வேணுமா, அப்புறம் வாங்கிக்கலாமா?" என்று ஒரு தயக்கம் வரும். தோல் கிளினிக் ஒன்றுக்குப் பக்கத்து மெடிக்கலில் மருந்தாளுநராக இருக்கிறேன். இந்தக் கேள்வி காதில் விழாத நாள் கிடையாது.

மங்கு (முகத்தில் வரும் கறுந்திட்டு), பரு விட்டுப்போன கறை, வெயில் பட்டால் அரிப்பு என்று வந்தவர்களுக்கு அந்தச் சீட்டில் தவறவிடவே கூடாத வரி இதுதான். வாரக்கணக்கில் மருந்து போட்டுக் குறைத்த கறுப்பை நாலைந்து நாள் மதிய வெயில் திரும்பக் கொண்டுவந்துவிடும். அப்புறம் "கிரீம் வேலை செய்யலை" என்று டாக்டரை மாற்றுவார்கள், மருந்தை மாற்றுவார்கள், பணம்தான் போகும்.

சரி, வாங்கியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எந்தக் கம்பெனி என்பதைவிட எவ்வளவு பூசுகிறோம், எப்போது பூசுகிறோம் என்ற இரண்டும்தான் பலனைத் தீர்மானிக்கின்றன. மாத்திரைக்கு 250 மில்லிகிராமா 500 மில்லிகிராமா, சாப்பிடும் முன்பா, சாப்பிட்ட பின்பா என்று பார்க்கிறோம். அதே கண்டிப்பு இதற்கும் வேண்டும்.

முதலில் நம்ம ஊர் வெயிலைத் தெரிந்துகொள்ளுங்கள்

தோலைப் பாதிப்பது சூடு மட்டும் என்று நினைத்தால் மார்கழியில் டியூபை மூடி வைத்துவிடுவீர்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்தான் முக்கியக் காரணம். அது காற்று குளிராக இருக்கிறதா என்று பார்த்து வருவதில்லை, சூரியன் வானத்தில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வரும். சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் மதியம் சூரியன் நேராக நம் உச்சந்தலைக்கு மேல் வரும். நிழலில்லா நாள் என்று பள்ளிப் பிள்ளைகள் குச்சி நட்டு வைத்துப் பார்ப்பது இதைத்தான். டிசம்பரில்கூட நமக்குச் சூரியன் அவ்வளவாகச் சாய்வதில்லை.

போனில் இருக்கும் வானிலைப் பக்கத்தில் புற ஊதாக் கதிரின் பலத்தைக் காட்டும் யுவி இன்டெக்ஸ் என்று ஓர் எண் வரும். அது 3 அல்லது அதற்கு மேல் போனால் பாதுகாப்பு தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 8 முதல் 10 வரை மிக அதிகம், 11-ம் அதற்கு மேலும் உச்சம். சித்திரை, வைகாசி மதியங்களில் சென்னையில் 11-ஐத் தாண்டுவது சாதாரணம். போன் பார்க்க நேரமில்லையா, தெருவில் உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் பலமாக இருக்கிறது. சுமார் காலை 10 மணியிலிருந்து மாலை 3 மணிவரை அப்படித்தான் இருக்கும்.

மேகமூட்டத்தை நம்பாதீர்கள். லேசான மேகம் கதிரில் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிடும். புழுக்கம் மட்டும் இருந்து வெயில் அடிக்காத நாளில் பூசாமல் போகிறவர்கள் நிறைய.

நம் நிறத்துக்கு எது பிரச்சினை

"நமக்கெல்லாம் எதுக்கு, அது வெள்ளைக்காரங்களுக்குத்தானே?" என்பது அடிக்கடி வரும் இன்னொரு கேள்வி. இதில் பாதி உண்மை இருக்கிறது. நம் தோலில் இருக்கும் மெலனின் என்ற நிறமி நல்ல காவல். வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நம்மிடையே குறைவு. ஆனால் அதே மெலனின்தான் சின்னக் காரணம் கிடைத்தாலும் கூடுதலாகச் சுரந்து கறையாக நிற்கும். ஒரு பரு உடைந்தால் வெளுத்த தோலுள்ளவர்களுக்குச் சில நாள் சிவப்பு இருக்கும், நமக்கு ஆறு மாதம் கறுப்பு இருக்கும்.

இதனால் ஒரு விஷயம் மாறுகிறது. தோலைச் சுட்டுச் சிவக்க வைப்பது புற ஊதாக் கதிரில் யுவிபி என்ற வகை. டியூபின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண் முக்கியமாக இதைத்தான் அளக்கிறது. கறுக்க வைப்பதில் யுவிஏ என்ற இன்னொரு வகைக்குப் பெரிய பங்கு உண்டு. மாநிறத்தவர்களுக்கு, அதிலும் மங்கு உள்ளவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியும் சாதாரணச் சூரிய வெளிச்சமே கறையைக் கூட்டும். ஆகவே எஸ்பிஎஃப் எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் நமக்குத் தேவையானதில் பாதிதான் கிடைக்கும்.

கடையில் என்ன பார்த்து வாங்குவது

டாக்டர் குறிப்பிட்ட ஒன்றை எழுதியிருந்தால் அதையே வாங்குங்கள். பெயர் எழுதாமல் சன்ஸ்கிரீன் என்று மட்டும் இருந்தால் இப்படிப் பாருங்கள்.

எஸ்பிஎஃப் 30-க்குக் குறையக் கூடாது. 30 என்பது யுவிபி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்பது 98 சதவீதத்தை. இந்த ஒரு சதவீதத்துக்காக அதிக விலை கொடுக்க வேண்டுமா என்றால், நாம் யாரும் சரியான அளவு பூசுவதில்லை என்பதால் 50 கொஞ்சம் கைகொடுக்கும். அதற்கு மேல் 70, 100 என்று எண்ணைத் துரத்த வேண்டாம்.

அடுத்து பிஏ என்று எழுதி அதன் பக்கத்தில் கூட்டல் குறிகள் இருக்கும். அதுதான் யுவிஏ பாதுகாப்பு. மூன்று கூட்டல் குறியாவது இருக்கட்டும், நான்கு இருந்தால் நல்லது. இந்த முறை ஜப்பானிலிருந்து வந்தது. சில ஐரோப்பியத் தயாரிப்புகளில் கூட்டல் குறிக்குப் பதிலாக ஒரு வட்டத்துக்குள் யுவிஏ என்று போட்டிருப்பார்கள், அதுவும் சரிதான்.

மங்கு உள்ளவர்கள் டின்டட் என்று கேளுங்கள். லேசான மண் நிறத்தில் இருக்கும். அந்த நிறத்தைத் தருவது அயர்ன் ஆக்சைடு. வெறும் அழகுக்காகச் சேர்த்தது இல்லை அது, வெளிச்சத்தையும் தடுக்கும். வெள்ளை நிற சன்ஸ்கிரீன் பலவற்றால் முடியாத வேலை இது. நம் நிறத்துக்குப் பொருந்தும் ஷேடு கிடைப்பதுதான் சிரமம். சில கம்பெனிகள் ஒரே ஷேடுதான் போடுகின்றன, அது பலருக்கு வெளிறித் தெரியும். கடையில் டெஸ்டர் இருந்தால் கையில் பார்க்காமல் தாடை ஓரத்தில் வைத்துப் பாருங்கள்.

ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு மட்டும் உள்ளவற்றை மினரல் என்பார்கள். எரிச்சல் குறைவு. கர்ப்பிணிகளுக்கும் அலர்ஜி தோல் உள்ளவர்களுக்கும் டாக்டர்கள் இதைத்தான் அதிகம் எழுதுவார்கள். திருநீறு பூசியதுபோல் முகத்தில் வெண்மை நிற்கும் என்பதுதான் குறை. மற்ற வகை சட்டென்று தோலோடு சேர்ந்துவிடும், சிலருக்குக் கண் எரியும்.

பரு உள்ளவர்கள், எண்ணெய் வழியும் முகம் உள்ளவர்கள் ஜெல் அல்லது ஃப்ளூயிட் வாங்குங்கள். நான்-காமெடோஜெனிக் (தோல் துளையை அடைக்காதது) என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். சென்னைப் புழுக்கத்தில் கெட்டியான கிரீமைப் பூசி, நெற்றியில் பொடிப்பொடியாக வந்து, "சன்ஸ்கிரீனே எனக்கு ஆகாது" என்று முடிவு கட்டியவர்கள் பலர். ஆகாதது அந்த கிரீம் மட்டும்தான். வறண்ட தோல், எக்ஸிமா உள்ளவர்களுக்கு இதற்கு நேர்மாறு. அவர்களுக்கு கிரீம்தான் சரி, வாசனை சேர்க்காததாகப் பாருங்கள்.

காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். வாங்கியதை ஸ்கூட்டர் டிக்கியிலோ காரிலோ போட்டு வைக்காதீர்கள். சூட்டில் கிரீம் பிரிந்து தண்ணீரும் கட்டியுமாக வரும். அப்படி வந்தால் பூசிப் பயனில்லை, தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

அளவு: இங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள்

போன பங்குனியில் ஓர் அக்கா வந்தார். கன்னத்தில் இரண்டு பக்கமும் மங்கு. கையில் தன் டியூபையே கொண்டுவந்து கவுன்டரில் வைத்தார்.

"தம்பி, இதைவிட ஸ்ட்ராங்கா வேற இருக்கா? ஒரு நாள் விடாம போடறேன், ஒண்ணும் தெரியல."

"இது எப்பக்கா வாங்கினது?"

"தீபாவளிக்கு முன்னாடி."

50 கிராம் டியூப். அமுக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை, தினமும் பூசியிருக்கிறார். எவ்வளவு எடுப்பீர்கள் என்று கேட்டேன். சுண்டுவிரல் நுனியைக் காட்டி, "பட்டாணி அளவுதான், டாக்டர் அதான் சொன்னாரு" என்றார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். பட்டாணி அளவு என்று டாக்டர் எழுதியிருந்தது இரவில் போடும் ட்ரெட்டினாயினுக்கு. அந்த மருந்து அதற்கு மேல் போனால் தோலை உரித்துவிடும். அக்கா அதே கணக்கைக் காலை கிரீமுக்கும் வைத்துக்கொண்டார். இந்தக் குழப்பம் அவருக்கு மட்டுமில்லை, சீட்டில் இரண்டு கிரீம்கள் அடுத்தடுத்த வரியில் இருக்கும்போது அடிக்கடி நடக்கிறது.

சோதனைச் சாலையில் எஸ்பிஎஃப் கணக்கிடும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். பெட்டியில் இருக்கும் 50 என்ற எண் அந்த அளவுக்குத்தான் பொருந்தும். பாதி பூசினால் பாதுகாப்பும் பாதிக்கோ அதற்குக் கீழோ போய்விடும். பட்டாணி அளவில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

வீட்டில் அளக்க எளிய வழி: ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டையும் நீட்டுங்கள். உள்ளங்கையில் விரல் தொடங்கும் மடிப்பிலிருந்து நுனிவரை, இரண்டு விரலிலும் ஒவ்வொரு கோடு கிரீம் பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து அதுதான் அளவு. முதல் நாள் பார்க்கும்போது ரொம்ப அதிகமாகத் தெரியும். ஒரே நேரத்தில் மொத்தத்தையும் அப்பினால் முகம் வழவழவென்று நிற்கும், வெள்ளையும் தெரியும். ஒரு விரல் கோட்டை நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, தாடை என்று புள்ளி புள்ளியாக வைத்து மெல்லப் பரப்புங்கள். இரண்டு நிமிடம் விட்டு அடுத்த விரல் கோடு. தேய்த்துத் தேய்த்து உள்ளே ஏற்ற வேண்டாம், மேலே படலமாக நின்றால்தான் வேலை செய்யும்.

எல்லோரும் மறக்கும் இடங்கள் சில உண்டு. காது மடலின் மேல் விளிம்பு, பின் கழுத்து, மூக்கின் இரண்டு ஓரம், மேலுதடு, முடி தொடங்கும் இடத்தில் நெற்றியின் விளிம்பு. வகிடு எடுத்துச் சீவுகிறவர்களுக்கு வகிடும்தான். மங்கு மேலுதட்டில் மீசைபோல் நிற்பவர்கள் உதட்டுக் கோடுவரை பூச வேண்டும். வண்டி ஓட்டுகிறவர்கள் புறங்கையை விட்டுவிடாதீர்கள்.

சரியாகப் பூசுகிறோமா என்பதற்கு டியூபே சாட்சி. ஒரு தடவைக்குச் சுமார் 1 கிராம் போகும். காலை ஒன்று, மதியம் ஒன்று என்றால் 50 கிராம் டியூப் 25 நாளில் தீர வேண்டும். ஒரு வேளை மட்டும் என்றால் 50 நாள். வாங்கிய தேதியைப் பேனாவால் டியூபின் பின்னால் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்தும் மீதி இருந்தால் அளவு குறைவு என்று அர்த்தம்.

செலவு கூடுமே என்றால், ஆமாம், கூடும். அதனால்தான் சொல்கிறேன், விலை அதிகமான டியூபைத் துளித்துளியாகப் பூசுவதைவிட, எஸ்பிஎஃப்பும் பிஏவும் சரியாக உள்ள விலை குறைந்த ஒன்றைத் தாராளமாகப் பூசுவதே மேல். முழுக்கை சட்டை போட்டால் கைக்குப் பூசும் செலவு மிச்சம், முகத்துக்கு நன்றாகவே பூசலாம்.

அந்த அக்காவுக்கு வேறு எதுவும் விற்கவில்லை. அதே டியூபை இரண்டு விரல் கணக்கில் பூசச் சொல்லி அனுப்பினேன்.

காலையில் எந்த வரிசையில்

முகம் கழுவுங்கள், ஒற்றித் துடையுங்கள். டாக்டர் காலையில் போட மருந்து கொடுத்திருந்தால் அது முதலில். தோல் வறண்டிருந்தால் மாய்ஸ்சரைசர். எண்ணெய் முகத்துக்குச் சென்னையில் சன்ஸ்கிரீனே போதும், தனி மாய்ஸ்சரைசர் தேவைப்படாது. கடைசியாக சன்ஸ்கிரீன். அது காய்ந்த பிறகுதான் மேக்கப், திருநீறு, குங்குமம் எல்லாம். வெளியே கிளம்ப 15 முதல் 20 நிமிடம் முன்பே பூசிவிடுங்கள். பூசிவிட்டு டிபன் சாப்பிட்டால் நேரம் சரியாக இருக்கும்.

பவுடர் போடுகிறவர்கள், சன்ஸ்கிரீனும் பவுடரும் கையில் வைத்துக் கலந்து பூச வேண்டாம். எஸ்பிஎஃப் உள்ள பவுடர், எஸ்பிஎஃப் உள்ள ஃபவுண்டேஷன் இருந்தாலும் அவற்றை மட்டும் நம்பிப் போகாதீர்கள். இரண்டு விரல் அளவுக்கு யாரும் பவுடர் போடுவதில்லை.

மறுபடி எப்போது பூசுவது

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று பெட்டியில் எழுதியிருக்கும். வெயிலில் நிற்கிறவர்களுக்கு அது சரி. ஜன்னல் இல்லாத ஏசி அறையில் உட்காருகிறவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பூச வேண்டியதில்லை. அந்த விதியைக் கேட்டுப் பயந்து மொத்தமாகவே விட்டுவிடுகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

அலுவலகம் போகிறவர்கள் காலையில் ஒன்று, மதியம் சாப்பிட வெளியே போவதாக இருந்தால் அதற்கு முன் ஒன்று, இல்லையென்றால் வெயில் இருக்கும்போதே வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒன்று. ஜன்னலோரம் இருக்கை என்றால் மதியம் கட்டாயம். சாதாரணக் கண்ணாடி யுவிபியைத் தடுக்கும், யுவிஏவில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும்.

கார், கேப் கண்ணாடியும் அப்படித்தான். முன் கண்ணாடி இரண்டு அடுக்கு என்பதால் நன்றாகத் தடுக்கும், பக்கக் கண்ணாடி அவ்வளவாகத் தடுக்காது. ஓஎம்ஆரில் காலையில் சிறுசேரிப் பக்கம் போய் மாலையில் திரும்புகிறவர்கள் வண்டியின் வலது பக்கம் உட்காருங்கள், இரண்டு நேரமும் வெயில் இடது பக்கம்தான் வரும். தாம்பரத்திலிருந்து காலையில் பீச் ஸ்டேஷன் பக்கம் மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு இடது பக்கம் நல்லது, மாலையில் திரும்பும்போதும் இடதுதான்.

வியர்வை வந்துவிட்டால் முகத்தைத் தேய்த்துத் துடைக்காதீர்கள். கைக்குட்டையால் ஒற்றியெடுத்துவிட்டு மேலேயே மறுபடி பூசலாம், ஒவ்வொரு தடவையும் முகம் கழுவ வேண்டும் என்பதில்லை. மதியத் தொழுகைக்கு ஒளு செய்கிறவர்கள் தொழுகை முடிந்ததும் ஒரு தடவை பூசிக்கொள்ளலாம். மேக்கப் போட்டவர்களுக்கு ஸ்டிக் வடிவ சன்ஸ்கிரீன் வசதி. ஒரே இடத்தில் மூன்று நான்கு தடவை இழுக்க வேண்டும், ஒரு இழுப்பு போதாது.

நாள் முழுக்க வெளியில் இருப்பவர்கள் நிலைமை வேறு. டெலிவரி பண்ணுகிறவர்கள், டிராஃபிக் போலீஸ், தள்ளுவண்டிக்காரர்கள், கட்டட வேலை செய்கிறவர்கள், விளையாட்டு ஆசிரியர்கள். இவர்களுக்கு வாட்டர் ரெசிஸ்டன்ட் என்று எழுதியது வேண்டும். அதுவும் சென்னை வியர்வையில் நாள் முழுக்க நிற்காது. காலை கிளம்பும்போது, 10 மணி வாக்கில், மதியம் சாப்பிட்டதும் என்று மூன்று தடவையாவது பூசுங்கள். அதற்கு மேல் துணியை நம்புங்கள்.

துணி, குடை, ஹெல்மெட்

டாக்டர்கள் சன்ஸ்கிரீன் எழுதும்போது துணியையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். அவசரத்தில் நம் காதில் விழுவதில்லை. நல்ல நெருக்கமான நெசவுள்ள துணி வியர்வையில் கரையாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டாம், செலவும் ஒரு முறைதான்.

துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் தெரிந்தால் கதிரும் உள்ளே வரும். மெல்லிய வெள்ளைப் பருத்தி கம்மியாகத்தான் தடுக்கும், நனைந்தால் இன்னும் மோசம். அடர் நிறமும் நெருக்கமான நெசவும் நல்லது. ஸ்கூட்டியில் போகும் பெண்கள் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொள்வது சென்னை சிக்னல் எல்லாவற்றிலும் பார்க்கலாம். நல்ல பழக்கம்தான், ஆனால் ஷிஃபான் துப்பட்டா ஒற்றை மடிப்பாக இருந்தால் பலன் குறைவு. பருத்தியாக, இரண்டு மடிப்பாகச் சுற்றுங்கள். உள்ளே சன்ஸ்கிரீனும் இருக்கட்டும், கண்ணைச் சுற்றி எப்படியும் திறந்துதான் இருக்கும்.

கறுப்புக் குடை புற ஊதாக் கதிரில் 90 சதவீதத்துக்கு மேல் தடுக்கும். தி.நகரில் துணி எடுக்கப் போகும் அரை நாளுக்கு ஒரு குடை பெரிய உதவி. மெரினா, பெசன்ட் நகர் மணலில் மட்டும் குடை போதாது, மணலிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் கதிர் திரும்பி அடிக்கும்.

ஹெல்மெட்டின் முன் கண்ணாடி பாலிகார்பனேட் என்றால் புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுக்கும். இறக்கிவிட்டு ஓட்டினால்தான் உண்டு. மங்கு உள்ளவர்களுக்கு அது மட்டும் போதாது, வெளிச்சம் உள்ளே வருகிறதே. போன், கம்ப்யூட்டர் வெளிச்சம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சூரிய வெளிச்சத்தோடு வைத்துப் பார்த்தால் அது ஒன்றுமேயில்லை, அதற்கென்று தனியாக விற்கும் கிரீமும் வேண்டாம்.

யாருக்கு இன்னும் கூடுதல் கவனம்

பருவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெயில் சட்டென்று சுடும். ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறவர்களுக்குத் தோலும் உதடும் காய்ந்து வெயில் தாங்காது, எஸ்பிஎஃப் உள்ள லிப் பாம் சேர்த்து வாங்குங்கள். ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயாசைடு சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வெயில் ஒவ்வாமை வரலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆனால் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று தோல் டாக்டரிடம் முழுப் பட்டியலையும் சொல்லுங்கள்.

லூபஸ் (நோய் எதிர்ப்புச் சக்தி நம் உடம்பையே தாக்கும் நோய்) உள்ளவர்களுக்கு இது அழகு சம்பந்தப்பட்டதே இல்லை. வெயில் பட்டால் தோல் மட்டுமின்றி உள்ளுக்குள்ளும் நோய் தூண்டப்படலாம். வருடம் முழுவதும், கண்ணாடிக்குப் பின்னாலும், கட்டாயம்.

வெண்புள்ளி உள்ளவர்களுக்கு அந்த இடத்தில் மெலனின் இல்லாததால் எளிதில் வெந்துவிடும். ஆனால் சிலருக்கு டாக்டரே ஒளி சிகிச்சை கொடுத்துக்கொண்டிருப்பார். சிகிச்சைக்கு முன் அந்த இடங்களில் பூசலாமா, முடிந்த பிறகு மட்டுமா என்று அவரிடமே கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம். நிழலும் துணியும் போதும்.

வைட்டமின் டி குறைந்துவிடாதா என்று கேட்பவர்களுக்கு: நாம் பூசும் விதத்தில் சன்ஸ்கிரீனால் வைட்டமின் டி பெரிதாகக் குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. முகத்தை மூடி, கைகாலில் கொஞ்ச நேரம் வெயில் படவிட்டாலும் பலருக்குப் போதும். லூபஸ், வெயில் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் அப்படிச் செய்யாமல் ரத்தப் பரிசோதனை செய்து மாத்திரையாக எடுத்துக்கொள்ளலாம்.

தயவுசெய்து இவற்றைச் செய்யாதீர்கள்

எலுமிச்சைச் சாறு தடவிவிட்டு வெயிலில் போகாதீர்கள். எலுமிச்சையில் உள்ள ஒரு பொருள் வெயிலோடு சேர்ந்து தோலைப் பொசுக்கும், கொப்புளம் வந்து பிறகு மாதக்கணக்கில் கறுப்பாக நிற்கும். கறுப்பு போக என்று தடவி அதைவிடக் கறுப்பாக வருகிறவர்கள் இருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய், மஞ்சள், முல்தானி மட்டி எதுவும் சன்ஸ்கிரீன் ஆகாது. அவற்றை ராத்திரி உங்கள் விருப்பம்போல் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. பக்கத்து வீட்டுப் பெண் சொன்னார், சொந்தக்காரர் போட்டு நிறம் வெளுத்தார் என்று ஸ்டீராய்டு கலந்த கிரீமை முகத்தில் போடுவது. முதல் இரண்டு வாரம் முகம் பளபளவென்று இருக்கும். அப்புறம் தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, பரு வெடித்து, வெயிலில் இரண்டு நிமிடம் நிற்க முடியாமல் எரியும். 2018-இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. இன்னமும் கேட்டு வருகிறார்கள், கொடுக்கிற கடைகளும் இருக்கின்றன. ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் திடீரென நிறுத்தவும் செய்யாதீர்கள். தோல் டாக்டரிடம் டியூபைக் காட்டுங்கள், எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார்.

எரிச்சல், அரிப்பு வந்தால்

புது டியூபை முதல் நாளே முகம் முழுக்கப் பூச வேண்டாம். காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கமோ இரண்டு மூன்று நாள் பூசிப் பாருங்கள். கண் மட்டும் எரிந்தால் நெற்றியில் பூசியது வியர்வையோடு இறங்குகிறது என்று அர்த்தம். புருவத்துக்கு மேலும் கண்ணைச் சுற்றியும் ஜிங்க் ஆக்சைடு உள்ள ஸ்டிக் பயன்படுத்தினால் அது நின்றுவிடும். முகம் முழுக்க அரித்துச் சிவந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள், டியூபைக் கையோடு கொண்டுபோங்கள்.

இரவில் மிதமான ஃபேஸ்வாஷ் போட்டு நன்றாகக் கழுவுங்கள். வாட்டர் ரெசிஸ்டன்ட் வகை ஒரு கழுவலில் போகாது, இரண்டு தடவை கழுவ வேண்டியிருக்கும். முகம் முழுதாகக் காய்ந்த பிறகு இரவு மருந்து, பட்டாணி அளவு. அங்கே இரண்டு விரல் கணக்கைக் கொண்டுபோய்விடாதீர்கள்.

டாக்டரிடம் திரும்பப் போகும்போது

மங்கில் மாற்றம் தெரிய இரண்டு, மூன்று மாதமாவது ஆகும். ஒவ்வொரு நாளும் கண்ணாடியில் பார்த்தால் எதுவும் தெரியாது. மாதம் ஒரு தடவை அதே ஜன்னல் வெளிச்சத்தில், அதே பக்கம் திரும்பி, ஃபில்டர் இல்லாமல் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் அதைக் காட்டினால் பேச்சு சீக்கிரம் முடியும். பூசும் டியூபையும் கொண்டுபோங்கள், பின்னால் எழுதிய தேதியை அவர் பார்க்கட்டும்.

நெற்றி ஓரமும் காதோரமும் மட்டும் கறுத்தால் அது வெயிலாக இல்லாமல் ஹேர் டை ஒவ்வாமையாகவும் இருக்கலாம். பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் நிறம் மாறினாலும் அப்படித்தான், அது குங்குமத்தாலோ ஸ்டிக்கர் பொட்டின் பசையாலோ வரலாம். சன்ஸ்கிரீன் இதைத் தீர்க்காது, காட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தனியார் கிளினிக் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ, ஸ்டான்லிக்கோ, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகலாம். மூன்றிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. புறநோயாளிகளைக் காலையில்தான் பார்ப்பார்கள் என்பதால் சீக்கிரமே போய்ச் சீட்டு போட்டுவிடுங்கள். பழைய சீட்டு, சாப்பிடும் எல்லா மாத்திரையின் அட்டை, முகத்தில் போடும் எல்லா டியூபும், கடையில் நீங்களாக வாங்கியது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.